ஸ்டார்ட் ஆகாத பழைய கார்: பேட்டரியை மாற்றும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் பழைய கார்களின் பராமரிப்பு குறித்து அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். புதிதாகச் சந்தைக்கு வரும் கார்களைப் பற்றியே எல்லோரும் எழுதிக்கொண்டிருக்கும்போது, இருபது முப்பது ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கு இடம் ஒதுக்கியதற்கு என் நன்றி. ஆனால் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் பேட்டரியை மாற்றிப் பார்க்க வேண்டும் என்று அதில் கூறப்பட்டிருந்த ஆலோசனையையும், எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று அறிய, ஓடும் எஞ்சினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கச் சொன்ன வழியையும் என்னால் ஏற்க இயலவில்லை. முன்னது வாசகரின் பணத்தை வீணாக்கும், அவ்வளவுதான். பின்னது நன்றாக இருக்கும் காரையே பழுதாக்கிவிடும். பழைய கார்களோடு நெடுநாள் பழக்கமுள்ளவன் என்ற முறையில் இவ்விரண்டையும் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஒருவர் சொன்னால், ஒரு பொருளையும் வாங்குவதற்கு முன் அவரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: சாவியைத் திருப்பும்போது எஞ்சின் சுற்றுகிறதா, இல்லையா? செல்ஃப் (எஞ்சினை முதலில் சுழற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) எஞ்சினைச் சுற்றவே இல்லை என்றாலோ, இழுத்து இழுத்துச் சுற்றுகிறது என்றாலோ, கோளாறு பேட்டரி, கேபிள்கள், ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றுக்குள் எங்கோ இருக்கிறது. அந்த நிலையில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றுவதால் ஒரு பயனும் இல்லை. எஞ்சின் வழக்கமான வேகத்தில் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லை என்றால், பேட்டரி தன் கடமையைச் செய்துவிட்டது என்று பொருள்; அப்போது புதுப் பேட்டரி போடுவதால் எஞ்சின் இன்னும் சற்று வேகமாகச் சுற்றும், ஸ்டார்ட் மட்டும் ஆகாது. இந்த ஒரு வேறுபாட்டைக் கட்டுரை எங்கும் சொல்லவில்லை. மேலே படிக்கும் வாசகர் அனைத்தையும் இந்த இரண்டு நிலைகளில் ஒன்றில் பொருத்திப் பார்த்துக்கொண்டே வந்தால் தேடலில் பாதி குறைந்துவிடும்.

முதலில் எஞ்சின் சுற்றாத நிலையை எடுத்துக்கொள்வோம். முன்விளக்குகளைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்குகள் அப்படியே மங்கி அணைந்துபோனால், பேட்டரியில் சார்ஜ் இல்லை அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. டக்டக்டக் என்று தொடர்ந்து கேட்கும் ஒலியும் பெரும்பாலும் இதையே குறிக்கிறது. ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்காந்த சுவிட்சான சாலிநாய்டு இழுபட்டு, மின்னழுத்தம் சரிந்ததும் விட்டுவிட்டு, மறுபடியும் இழுபடுவதால் வரும் ஒலி அது. விளக்குகள் சற்றும் மங்காமல், போனட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வராமல் இருந்தால், மின்சாரம் ஸ்டார்ட்டர் வரை செல்லவே இல்லை. சாவி சுவிட்ச், ரிலே, சாலிநாய்டுக்குச் செல்லும் மெல்லிய வயர் ஆகியவற்றை நோக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கார் என்றால் கியர் லீவரைப் பார்க்கிங்கிலிருந்து நியூட்ரலுக்கு மாற்றி ஒருமுறை முயன்று பார்ப்பது நல்லது, ஏனெனில் தேய்ந்துபோன நியூட்ரல் சுவிட்ச் ஒன்றே செல்ஃபைத் தடுத்துவிடும். ஒரே ஒரு பலத்த டக் ஒலி மட்டும் வந்து நின்றுவிட்டால், சாலிநாய்டின் தொடுமுனைகளோ மோட்டாரின் கார்பன் பிரஷ்களோ தேய்ந்திருக்கலாம். அத்தகைய மோட்டாரை மரக்கைப்பிடியால் மெல்லத் தட்டினால் சில நேரம் உயிர் பெறுவதுண்டு. வீடு வந்து சேர அது உதவும், ஆனால் பிரஷ் மாற்றும் வேலையை அதைக் காட்டித் தள்ளிப்போடக் கூடாது.

பேட்டரி உண்மையிலேயே குற்றவாளிதானா என்பதைச் சாதாரண மல்டிமீட்டர் ஒன்றே சொல்லிவிடும். 12 வோல்ட் பேட்டரி என்று நாம் அழைப்பதில் ஆறு செல்கள் உள்ளன. ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட் தருவதால், முழுமையாக சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வு நிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12.2 வோல்ட் என்றால் பாதிதான் மிச்சம். 12-க்குக் கீழே இறங்கிவிட்டால் அது ஸ்டார்ட் செய்யத் தகுதியற்ற நிலையை நெருங்கிவிட்டது. ஓடி நின்ற உடனே அளந்தால் அளவு சற்றுக் கூடுதலாகக் காட்டும் என்பதால், சில மணி நேரம் கழித்தோ, முன்விளக்கை ஒரு நிமிடம் எரியவிட்டு அணைத்தபின்போ அளப்பது முறை. அதைவிட முக்கியமானது, செல்ஃப் சுற்றும்போது அளப்பது. அப்போது பேட்டரியின் முனைகளில் 9.6 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரியைச் சந்தேகிக்கப் பெரிய காரணம் இல்லை. ஓய்வில் 12.6 காட்டிவிட்டு, சுற்றும்போது 7 அல்லது 8-க்குச் சரிந்தால்தான் பேட்டரி தன் திறனை இழந்துவிட்டது என்ற ஐயம் வலுப்பெறுகிறது. அப்போதும், ஸ்டார்ட்டர் உள்ளே இறுகிப்போய் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை இழுக்கவில்லை என்று உறுதிசெய்துகொள்வது நலம்.

நான் பார்த்தவரை, பழைய கார்களில் பேட்டரியைவிட அதிகமாகத் தொல்லை தருபவை அதன் இணைப்புகளே. இதற்கான காரணத்தைச் சிறு கணக்கு ஒன்றால் விளக்கலாம். ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினைச் சுற்றும்போது சுமார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டெர்மினலில் படிந்த வெண்பச்சைப் பூப்பினாலோ, துருப்பிடித்த எர்த் இணைப்பினாலோ (பேட்டரியின் நெகட்டிவைக் காரின் பாடியோடும் எஞ்சினோடும் சேர்ப்பது) வழியில் 0.02 ஓம் தடை மட்டும் சேர்ந்துவிட்டால்கூட, அங்கேயே 3 வோல்ட் தொலைந்துபோகிறது. மோட்டாருக்கு மிஞ்சுவது அது திணறுவதற்குப் போதுமானதுதான். அதே தடை வழியாக முன்விளக்குகள் இழுக்கும் 10 ஆம்பியர் சென்றால் இழப்பு 0.2 வோல்ட், கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. விளக்கு பிரகாசமாக எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, எனவே இணைப்பில் குறை இல்லை, பேட்டரிக்குத்தான் வயதாகிவிட்டது என்று முடிவு கட்டுவோர் தவறும் இடம் இதுவே.

பழுது எந்த இணைப்பில் என்பதைக் கண்டறிய ஒரு பொருளையும் கழற்ற வேண்டியதில்லை. எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடாதபடி, தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் இக்னிஷன் காயிலுக்கு வரும் மெல்லிய வயரைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழின்மேலும், மற்றதை எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியிலும் வைத்து, வேறொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். முனையைக் கிளாம்பின்மேல் வைக்காமல் குமிழின்மேலேயே வைக்க வேண்டும் என்பதைக் கவனிக்கவும். கிளாம்புக்கும் குமிழுக்கும் இடையில்தான் பூப்பு ஒளிந்திருக்கிறது. எஞ்சின் சுற்றும்போது மீட்டர் 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பக்கம் கோளாறு. அதேபோல் பாசிட்டிவ் குமிழுக்கும் ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டுக்கும் இடையே அளந்து 0.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால் பாசிட்டிவ் கேபிளையோ சாலிநாய்டையோ கவனிக்க வேண்டும். 

எர்த்தைப் பற்றி மேலும் ஒன்று சொல்ல வேண்டும். பல பழைய கார்களில் பேட்டரியின் நெகட்டிவ் கேபிள் பாடியில் சேர்கிறது. எஞ்சின் ரப்பர் மவுண்ட்களின்மேல் அமர்ந்திருப்பதால், பாடிக்கும் எஞ்சினுக்கும் இடையே பின்னல் பட்டை ஒன்று தனியாக இணைக்கப்பட்டிருக்கும். எண்ணெயும் சேறும் படிந்து இந்தப் பட்டை ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இற்றுக்கொண்டிருக்கும். கிளட்ச் வேலைக்காக எஞ்சினைக் கழற்றியபோது அதை மீண்டும் மாட்ட மறந்துவிட்ட வண்டிகளும் உண்டு. அத்தகைய காரில் முன்விளக்குகள் செல்ஃப் போடும்போதும் மங்காமல் எரியும், மோட்டார் மட்டும் முனகும். பட்டை இல்லாததால் ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் கிடைத்த வழியே திரும்பப் பார்க்கும்; அந்த வழி பெரும்பாலும் சோக் (குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் தரும் அமைப்பு) கேபிளாகவோ ஆக்சிலேட்டர் கேபிளாகவோ இருக்கும். இரண்டு மூன்று முறை செல்ஃப் போட்டபின் சோக் கேபிளைத் தொட்டுப் பார்த்தால் அது கொதிக்கும். சில வண்டிகளில் அதன் மேலுறை உருகிப் புகைவதும் உண்டு. ஜம்பர் கேபிள் ஒன்றை எஞ்சின் உலோகத்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே தற்காலிகமாகப் போட்டு, எஞ்சின் உடனே விறுவிறுவென்று சுற்றினால், குறை எங்கே என்பதில் ஐயமே வேண்டாம்.

டெர்மினல்களைக் கழற்றும்போது நெகட்டிவை முதலிலும், மாட்டும்போது கடைசியிலும் கையாள வேண்டும் என்பதைக் கட்டுரை சரியாகவே குறிப்பிட்டிருந்தது. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் அதன் அருகில் தீப்பொறி ஆகாது என்பதையும் சேர்த்திருக்கலாம். வேறொரு காரிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது நெகட்டிவ் கேபிளின் கடைசி முனையைச் செயலிழந்த பேட்டரியில் மாட்டாமல், அதிலிருந்து தள்ளி எஞ்சின் உலோகத்தில் மாட்டச் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

இனி, எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றாத நிலை. இங்கே கேள்வி சுருக்கமானது: தீப்பொறி இல்லையா, பெட்ரோல் இல்லையா? சில நொடிகள் செல்ஃப் போட்டபின் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதுவே பெரும்பாலும் பதில் சொல்லிவிடும். பெட்ரோலில் நனைந்திருந்தால் எரிபொருள் வந்துகொண்டிருக்கிறது, பொறிதான் இல்லை அல்லது போதவில்லை. உலர்ந்திருந்தால் எரிபொருள் வரவில்லை. பொறியைச் சோதிப்பவர்கள் கையால் வயரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். காயிலிலிருந்து வருவது ஏறத்தாழ 20,000 வோல்ட் என்பதால், பிளக்கின் உலோகப் பகுதி எஞ்சினில் உறுதியாகத் தொட்டிருக்குமாறு வைத்து, காப்பிட்ட இடுக்கியையோ அதற்கென உள்ள சோதனைக் கருவியையோ பயன்படுத்த வேண்டும். நனைந்த பிளக்கும் சிந்திய பெட்ரோலும் பக்கத்தில் இருக்கக் கூடாது. நீல நிறத்தில் சடசடவென்று தாவும் பொறி நல்லது. மஞ்சளாகவோ சிவப்பாகவோ சோம்பலாக வந்தால் அது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தில் வேலை செய்யாது.

பாயிண்ட் (காயிலின் மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனை) வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் பாகம்) உள்ள கார்களில் பொறி இல்லாமல் போவதற்கான காரணங்கள் பல இருந்தாலும், பல நாட்கள் ஓடாமல் நின்ற காரில் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பாயிண்டைத்தான். அதன் முகத்தில் படியும் மெல்லிய ஆக்சைடு படலமே மின்னோட்டத்தை நிறுத்திவிடும். மூடியைக் கழற்றி, பாயிண்ட் மூடிய நிலையில் இருக்குமாறு எஞ்சினைத் திருப்பி வைத்து, இக்னிஷனைப் போட்டு, காப்பிட்ட ஸ்க்ரூடிரைவரால் பாயிண்டை மெல்ல விலக்கினால், அங்கே சிறு பொறி தெரிய வேண்டும். ஒன்றும் தெரியாவிட்டால் காயிலுக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது பாயிண்ட் தொட்டும் தொடாமல் இருக்கிறது. மாறாக, பாயிண்டில் கொழுத்த பொறி பறந்து காயிலிலிருந்து பலவீனமான பொறியே வந்தால், பாயிண்டில் எழும் பொறியை அடக்கும் கண்டென்சர் போய்விட்டது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். சுத்தம் செய்தபின் இடைவெளியைக் காரின் கையேடு சொல்லும் அளவுக்கு, பெரும்பாலான வண்டிகளில் 0.4 மில்லிமீட்டரை ஒட்டி, வைத்துவிட வேண்டும். சோதனை முடிந்ததும் இக்னிஷனை அணைக்க மறக்கக் கூடாது. பாயிண்ட் மூடியிருக்க, சாவி போட்டபடியே நிற்கும் காரில் காயில் சூடேறிக் கெட்டுவிடும். மழைக்காலத்துக் காலை நேரங்களில் மட்டும் தகராறு செய்யும் வண்டி என்றால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்து, அதில் பென்சில் கோடு போன்ற கரிய விரிசல் ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பது போதும்.

இந்த வகைக் கார்களில் ஒரு விசித்திரமான கோளாறும் உண்டு. சாவியை முழுதும் திருப்பிப் பிடித்திருக்கும்போது எஞ்சின் பற்றிக்கொள்ளும். சாவியை விட்ட அதே நொடியில் அணைந்துவிடும். எத்தனை முறை முயன்றாலும் இதே கதைதான். இதைக் கார்புரேட்டர் குறை என்று எண்ணி அதைப் பிரித்து மேய்ந்தவர்கள் பலர். பல கார்களில் காயிலுக்குச் செல்லும் வழியில் பல்லாஸ்ட் ரெசிஸ்டர் என்ற தடைக்கம்பி ஒன்று உள்ளது. ஓடும்போது மின்னோட்டம் அதன் வழியே குறைந்து செல்லும், ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் அதைத் தவிர்த்துப் பேட்டரியிலிருந்து நேராகச் செல்லும். அந்தக் கம்பி அறுந்துவிட்டால் விளைவு மேலே சொன்னதுதான். சாவி சுவிட்சுக்குள் இருக்கும் தேய்மானமும் இதே அறிகுறியைக் காட்டக்கூடும்.

பெட்ரோல் பக்கம் சோதனை இதைவிட எளிது. ஏர் கிளீனரைத் திறந்து, எஞ்சின் நின்றிருக்கும் நிலையிலேயே, ஆக்சிலேட்டர் இணைப்பைக் கையால் இழுத்தால், பெரும்பாலான கார்புரேட்டர்களில் உள்ளே மெல்லிய பெட்ரோல் தாரை பீய்ச்சுவதைக் காணலாம். அது வராவிட்டால் பெரும்பாலும் மிதவைக் கிண்ணம் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் இடம்) காலியாக இருக்கிறது. பல வாரங்கள் நின்ற காரில் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகிப் போயிருப்பது இயல்பு. பம்ப் அதை மறுபடி நிரப்பும் வரை சற்று நேரம் செல்ஃப் போட வேண்டியிருக்கும். அப்படியும் வராவிட்டால் ஃபில்டர், விரிசல் கண்ட ரப்பர் குழாய், பம்பின் டயாஃப்ரம் என்று பின்னோக்கிச் செல்ல வேண்டும். டயாஃப்ரம் கிழிந்த வண்டியில் எஞ்சின் ஆயில் அளவுக்கோலை இழுத்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை வீசக்கூடும். அந்த ஆயிலோடு எஞ்சினை ஓட்டக் கூடாது. எதிர்மாறாக, பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்து, பிளக்குகள் எல்லாம் நனைந்திருந்தால் ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டது. சோக்கைத் தள்ளிவிட்டு, ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்து அப்படியே பிடித்தபடி செல்ஃப் போட வேண்டும். பதற்றத்தில் மீண்டும் மீண்டும் மிதிப்பவர்கள் ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் கொஞ்சம் பெட்ரோலை உள்ளே ஊற்றுகிறார்கள்.

இன்ஜெக்‌ஷன் கார்களில், சாவியைப் போட்டவுடன் பின் இருக்கைப் பக்கத்திலிருந்து ஓரிரு நொடிகள் கேட்கும் பம்பின் ரீங்காரமே முதல் சோதனை. அது கேட்காவிட்டால் ஃபியூஸையும் ரிலேயையும் பார்த்துவிட்டுத்தான் பம்பைக் குறைசொல்ல வேண்டும். சூடாக இருக்கும்போது மட்டும் ஸ்டார்ட் ஆகாமல், ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும் வண்டியில், எஞ்சினின் சுழற்சியை உணரும் கிராங்க் சென்சாரைச் சந்தேகிக்கலாம். பழைய டீசல் கார்களில் ஹீட்டர் பிளக்குகளும், எரிபொருள் வழியில் ஏர் பிடித்துக்கொள்வதும் தனிக் கதை. அதில் பொறியே இல்லாததால் மேலே சொன்னவற்றில் பாதி பொருந்தாது. ஹீட்டர் பிளக் உள்ள டீசல் எஞ்சினுக்குள் ஈதர் ஸ்பிரே அடிப்பது ஆபத்து என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

எந்த வண்டியானாலும், ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து நொடிகளுக்கு மேல் செல்ஃப் போடக் கூடாது. மோட்டார் ஆற ஓரிரு நிமிடம் விட வேண்டும். செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாகவும், ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒரே சீராகவும் சுற்றினால் உடனே கையை எடுத்துவிடுங்கள். சிலிண்டர்களில் அழுத்தம் ஏறவில்லை என்பதற்கான ஒலி அது. டைமிங் பெல்ட் அறுந்திருக்கக்கூடும். சில எஞ்சின்களில் அதற்குப் பிறகும் சுற்றிக்கொண்டிருந்தால் பிஸ்டன்கள் வால்வுகளில் மோதும். இந்த இடத்தில் வீட்டுச் சோதனைகள் முடிந்துவிடுகின்றன. மெக்கானிக்கை அழைக்க வேண்டியதுதான். அவரிடம் வெறுமனே ஸ்டார்ட் ஆகவில்லை என்று சொல்லாமல், எஞ்சின் சுற்றியதா, என்ன ஒலி கேட்டது, சுற்றும்போது எத்தனை வோல்ட் இருந்தது, பிளக் நனைந்திருந்ததா என்பவற்றைச் சொல்ல முடிந்தால், அவரும் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்க்க வேண்டிய தேவை இராது.

கடைசியாக, கட்டுரையின் இரண்டாவது ஆலோசனைக்கு வருகிறேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றும், எஞ்சின் அணையாவிட்டால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. ஆல்டர்னேட்டருக்கு முன்பு டயனமோ இருந்த காலத்திலிருந்து தொடர்ந்து வரும் பழக்கமாக இது இருக்கலாம். பல ஒர்க் ஷாப்களில் இன்றும் இதைச் செய்கிறார்கள் என்பதையும் அறிவேன். ஆனால் ஆல்டர்னேட்டர் உள்ள காரில், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் பேட்டரியைத் திடீரென்று விலக்கினால், அதுவரை பேட்டரி வாங்கிக்கொண்டிருந்த மின்னோட்டத்துக்குப் போக்கிடம் இல்லாமல், 14 வோல்ட்டை ஒட்டி இருந்த அழுத்தம் கணநேரத்தில் பல மடங்கு எகிறும். ஆல்டர்னேட்டரின் டயோடுகள், எலெக்ட்ரானிக் இக்னிஷன், ரேடியோ, கட்டுப்பாட்டு யூனிட் என்று எது வேண்டுமானாலும் அந்தக் கணத்தில் எரிந்துபோகலாம். எரியாமல் தப்பினாலும் இச்சோதனை சொல்வது குறைவே, ஏனெனில் ஒரு டயோடு பழுதான ஆல்டர்னேட்டரும் ஐடிலில் எஞ்சினை அணையாமல் வைத்திருக்கும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியின் இரு குமிழ்களிலும் மல்டிமீட்டரை வைத்து, 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டுகிறதா, முன்விளக்குகளைப் போட்டபின்னும் அந்த அளவு நிலைக்கிறதா என்று பார்ப்பதே போதுமானது. அதற்கு ஒரு ஸ்பேனர்கூடத் தேவையில்லை.

ஆல்டர்னேட்டர் சரியாக இருந்தும் இரண்டு மூன்று நாட்களில் பேட்டரி இறங்கிவிடுகிறது என்றால், அணைத்து நிறுத்திய காரில் ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது. டிக்கியை மூடியபின்னும் அணையாத 5 வாட் பல்பு ஒன்று 0.4 ஆம்பியர் எடுக்கும். 45 ஆம்பியர்-மணி பேட்டரியை அது ஐந்து நாட்களுக்குள் முழுதும் காலிசெய்துவிடும், செல்ஃப் அதற்கு முன்பே படுத்துவிடும். எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளைச் சாத்தி, சற்று நேரம் கழித்து நெகட்டிவ் கேபிளின் வழியில் மீட்டரைத் தொடராக இணைத்து அளந்தால், 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பார்த்து, எதைப் பிடுங்கும்போது அளவு விழுகிறதோ அந்த வழியைத் தேட வேண்டும். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது செல்ஃப் போட்டால் மீட்டர் போய்விடும் என்பதையும் நினைவில் கொள்ளவும்.

பேட்டரியை முதலில் மாற்றச் சொன்னதைக்கூட ஒரு கருத்து என்று விட்டுவிடலாம். ஓடும் எஞ்சினில் டெர்மினலைக் கழற்றச் சொன்ன குறிப்பை மட்டும் அடுத்து வரும் வாகனப் பகுதியிலேயே திருத்தி, பலர் கண்ணில் படும் இடத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையை நறுக்கி வண்டிக்குள் வைத்துக்கொண்ட வாசகர்கள் சிலராவது இருப்பார்கள்.

இப்படிக்கு,
பழைய கார் வைத்திருக்கும் ஒரு வாசகர்